வீட்டு வேலை: விறுவிறுவென்று செய்தால் நன்றாக வருமா, நிதானமாகச் செய்தால் நன்றாக வருமா?

ஜன்னலோரம் கேட்டது:

நானும் அக்காவும் ஒரே வீட்டில் இருக்கிறோம். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் வீட்டு வேலையை விடுமுறை நாளுக்குச் சேர்த்து வைத்துப் பங்கு போட்டுக்கொள்கிறோம். அக்கா எதையும் மளமளவென்று செய்து முடிப்பாள். நான் ஒன்றைக் கையில் எடுத்தால் அது முழுசாக முடிகிறவரை அதைவிட்டு நகர மாட்டேன். நான் "பதறாத காரியம் சிதறாது" என்பேன். அவள் "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்பாள். சண்டையெல்லாம் இல்லை. ஆனால் எது சரி என்ற பேச்சு வாராவாரம் வருகிறது, இரண்டு பேருக்குமே உண்மையாகத் தெரிந்துகொள்ள ஆசை.

எந்தப் பக்கமும் முழுதாக ஜெயிக்காததுதான் குழப்பம். துணி மடிப்பதில் அவளுக்கு என்னைவிட ரொம்பக் குறைவான நேரம் போதும். அலமாரியைத் திறந்து பார்த்தால் எது யார் மடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. படுக்கை போடுவதும் அப்படியே. ஆனால் குளியலறைக் குழாயில் இருக்கும் வெள்ளைப் படிவு அவளுடைய வேகத்துக்கும் மசியவில்லை, என் நிதானத்துக்கும் மசியவில்லை. ஈரமாக இருக்கும்வரை போன மாதிரி தெரியும், காய்ந்ததும் அப்படியே திரும்பி வந்துவிடும். இஸ்திரி போடுவதில் என் கைதான் மேல். பாத்திரத்தில் இருவருக்கும் ஒரே பலன், நேரம்தான் எனக்கு அதிகம்.

இதை இப்போது கேட்கக் காரணம் உண்டு. அடுத்ததாக ஒரு அறைக்கு நாங்களே பெயின்ட் அடிக்கப் போகிறோம். டைல்ஸ் சுவரில் ஒரு ஷெல்ஃப் மாட்ட வேண்டும். சமையலறை சிங்க் ஓரத்தில் கறுத்துப்போன சிலிகானை (இடுக்கை அடைக்கும் பசையை) எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இவற்றில் எது அக்காவின் கைக்கு, எது என் கைக்கு? எது வேகத்துக்கு, எது நிதானத்துக்கு என்று பிரித்துச் சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா? சொந்த அனுபவத்திலிருந்து சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.


பம்பரம் எழுதியது:

நான் உங்க அக்கா கட்சி. சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடு எங்களுது. நிதானமா செய்யலாம்னு ஒரு வேலையை எடுத்தா அது முடியறதுக்குள்ள பின்னாடி மூணு வேலை முளைச்சிருக்கும்.

போன்ல 15 நிமிஷத்துக்கு அலாரம் வைப்பேன். அது அடிக்கிறவரைக்கும் ஒரே ஓட்டம். கீழே கிடக்கிற சாமானை இடத்துல வைக்கிறது, துணி மடிக்கிறது, படுக்கையைச் சரி பண்றது, மேடையைத் துடைக்கிறது எல்லாமே இந்தக் கணக்குலதான். வீட்டை ஒதுங்க வைக்கிற வேலையில நேரத்தைத் தின்கிறது கை இல்லைங்க, யோசனை. ஒவ்வொரு பொருளையும் எடுத்து "இது எங்கே போகணும், இது வேணுமா"ன்னு நின்னுட்டா பொழுது போயிடும். அலாரம் ஓடிட்டிருந்தா கை தானா முடிவு எடுக்கும். காகிதம், ரசீது, சான்றிதழ் மாதிரி தூக்கிப்போட்டா திரும்ப வராததை மட்டும் ஒரு பெட்டியில தனியா ஒதுக்கிடுவேன், அது வேற நாள் உட்கார்ந்து பார்க்கிற வேலை.

1955ல பார்க்கின்சன்னு ஒரு பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். எவ்வளவு நேரம் இருக்கோ அவ்வளவுக்கும் வேலை விரிஞ்சுக்கும்னு அதுல சொல்லியிருப்பார். அவர் காட்டின உதாரணமே வீட்டுக்குள்ள நடக்கிறதுதான்: வேற வேலை இல்லாத ஒரு வயசான அம்மா, ஒரு தபால் அட்டை எழுதிப் போட ஒரு நாள் முழுக்க எடுத்துக்குவாங்க. அட்டையைத் தேடுறது, கண்ணாடியைத் தேடுறது, முகவரியைத் தேடுறதுன்னு போகும். ஒரு நாளை எடுத்துக்கிட்டதால அந்த அட்டை ஒண்ணும் உசத்தியா ஆயிடாது.

இன்னொண்ணு. அடுப்புக்குப் பக்கத்துல தெறிக்கிற எண்ணெய் அன்னைக்கே ஒரு துடைப்புல போயிடும். விட்டுட்டா சூட்டுலயும் காத்துலயும் கெட்டியாகி, பிசின் மாதிரி ஒட்டிக்கும். அப்புறம் எவ்வளவு நிதானமா உட்கார்ந்தாலும் கஷ்டம்தான். அதனால அன்னன்னைக்கு அவசரமா துடைக்கிறவங்க வீடு, மாசம் ஒரு தடவை பொறுமையா துடைக்கிறவங்க வீட்டைவிட சுத்தமா இருக்கும். இது நான் கண்ணால பார்த்தது.


சாவிக்கொத்து எழுதியது:

பல வருஷம் ஹோட்டல் ஹவுஸ்கீப்பிங்ல இருந்தவ நான். பின்னாடி புதுசா சேர்றவங்களுக்கு அறை சுத்தம் பண்ணச் சொல்லிக்குடுக்கிற பொறுப்பு. இந்தக் கேள்வியோடயே நாள் முழுக்க வாழ்ந்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

புதுசா வர்றவங்கள்ல ரெண்டு விதம் உண்டு, உங்க வீட்டுல இருக்கிற மாதிரியே. சிலர் கதவைத் திறந்ததும் ஓடுவாங்க. சிலர் ஒரு கண்ணாடியைப் பிடிச்சா அங்கேயே நிப்பாங்க. ரெண்டு பேர்கிட்டயும் நான் கேட்கிற முதல் கேள்வி, "குளியலறையில திரவம் ஊத்திட்டியா?"ங்கிறதுதான். அறைக்குள்ள போனதும் ஜன்னலைத் திறந்துவிட்டு, நேரா குளியலறைக்குப் போய் டாய்லெட்டுக்கும் வாஷ்பேசினுக்கும் அதது மேல போட வேண்டிய திரவத்தை ஊத்திட்டு வெளியே வந்துடணும். அது ஊறட்டும். அதுக்குள்ள பழைய விரிப்பை உருவி, குப்பையை எடுத்து, புது விரிப்பைப் போட்டு முடிச்சிடலாம். திரும்பிப் போறப்போ அழுக்கு தானா நெகிழ்ந்து நிக்கும். வேகமா ரெண்டு தேய் தேய்ச்சாப் போதும். படுக்கையை முதல்ல முடிச்சிட்டு, அப்புறம் ஊத்தி, உடனே தேய்க்கிறவங்களுக்கு அதே அறை நேரமும் அதிகம் எடுக்கும், கை வலியும் மிஞ்சும்.

ஜெர்மனியில சோப்புத்தூள் தயாரிக்கிற ஹென்கெல் கம்பெனியில வேலை பார்த்த ஹெர்பர்ட் சின்னர்ங்கிறவர் 1959ல இதை ஒரு வட்டமா வரைஞ்சு காட்டினார். துப்புரவுத் தொழில்ல இன்னைக்கும் அதை வச்சுத்தான் பாடம் எடுப்பாங்க. ஒரு அழுக்கு போகணும்னா நாலு விஷயம் சேரணும்: மருந்து, தேய்ப்பு, சூடு, நேரம். இதுல ஒண்ணைக் குறைச்சா மத்ததைக் கூட்டியே ஆகணும். சலவை மெஷின்ல "எகோ"ன்னு ஒரு ஓட்டம் இருக்கும் பாருங்க, அது ஏன் அவ்வளவு நேரம் ஓடுது, ஆனா கரண்ட் குறைவா இழுக்குதுன்னு நிறைய பேர் கேட்பாங்க. தண்ணியை அதிகம் சூடாக்காம, அந்தக் குறையை நேரத்தால ஈடு கட்டுது. அதே மெஷின்ல வேலை சீக்கிரம் முடியட்டும்னு துணியை அமுக்கித் திணிச்சா, உள்ளே துணி புரள இடம் இருக்காது. தேய்ப்பு போச்சு. சோப்பு எவ்வளவு போட்டாலும் நடுவுல இருக்கிற துணி அழுக்காவே வரும்.

இப்போ உங்க குழாய்க்கு வர்றேன். அந்த வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு. அதைத் தேய்ச்சு எடுக்கிறது ரொம்பக் கஷ்டம், கரைச்சுத்தான் எடுக்கணும். ஈரமா இருக்கிறப்போ கண்ணுக்குத் தெரியாது, காய்ஞ்சதும் தெரியும். அக்காவோட வேகமும் உங்க நிதானமும் ரெண்டுமே தேய்ப்புங்கிற ஒரே கணக்குல போய்ச் சேர்ந்திருக்கு, அதான் ரெண்டு பேருக்கும் மசியலை. சிட்ரிக் ஆசிட் பொடியை வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு, இல்லைன்னா வெள்ளை வினிகரை எடுத்து, ஒரு துணியை நனைச்சுக் குழாயைச் சுத்திக் கட்டிடுங்க. துணி கட்டுறது எதுக்குன்னா திரவம் வழிஞ்சு ஓடிடாம படிவு மேலேயே ஈரமா நிக்கணும். அரைமணி நேரம் போல விட்டு அவிழ்த்து, மெத்துன்னு இருக்கிற பழைய பல் துலக்கியால சும்மா ஒரு சுத்து சுத்துங்க. இன்னும் இருந்தா திரும்ப ஒரு தடவை கட்டுங்க. பளபளப்பு முலாம் பூசின குழாய்ல ராத்திரி முழுக்க மட்டும் விட்டுடாதீங்க, முலாமுக்கு ஆகாது. முடிஞ்சதும் நல்ல தண்ணி விட்டுக் கழுவணும். மார்பிள் மேல இது ஒரு சொட்டுகூட விழக்கூடாது, மார்பிளும் அதே கால்சியம் கார்பனேட்தான், படிவோட சேர்ந்து கல்லும் அரிச்சுப்போகும்.

கிருமி கொல்ற திரவத்துக்கும் இதே நியாயம்தான். தெளிச்ச உடனே துடைச்சா வாசனை வரும், வேலை நடந்திருக்காது. சாதாரண ப்ளீச் 5 சதவீதம்னு எழுதியிருந்தா ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணி சேர்த்தா 0.1 சதவீதம் வரும். வீட்டுத் தரைக்கும் மேடைக்கும் அது போதும், ஆனா முதல்ல அழுக்கைத் துடைச்சு எடுத்துட்டுத்தான் போடணும், போட்டப்புறம் குறைஞ்சது ஒரு நிமிஷமாவது ஈரம் காயாம நிக்கணும். அழுக்கு இருந்தா ப்ளீச்சோட பலமெல்லாம் அதுலயே செலவாயிடும். கடையில வாங்குற மத்த திரவங்களுக்கு அந்தந்த பாட்டில்லயே எத்தனை நிமிஷம்னு போட்டிருக்கும். சிலதுக்கு 10 நிமிஷம் வரைக்கும் இருக்கும்.

இந்த இடத்துல அவசரம் வேணவே வேணாம்னு நான் கை கூப்பிக் கேட்டுக்கிறேன். சீக்கிரம் போகட்டும்னு ப்ளீச்சையும் ஆசிட்டையும் ஒண்ணா ஊத்துறவங்க இருக்காங்க. அது குளோரின் வாயு. சின்னக் குளியலறைக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு அதை சுவாசிச்சா நுரையீரலுக்கே ஆபத்து. வினிகரும் சிட்ரிக் ஆசிட்டும்கூட ஆசிட்தான், அதையும் ப்ளீச்சோட சேர்க்கக்கூடாது. அமோனியா இருக்கிற கண்ணாடி திரவத்தோட ப்ளீச் சேர்ந்தா அதுவும் நச்சுப்புகைதான். ஒண்ணை முழுசா கழுவி விட்டு, காத்து வரவிட்டு, இன்னொண்ணை வேற நாள் வைங்க. இதை நான் புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு முதல் நாளே சொல்லிடுவேன், திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பேன்.

சரி, வேகம்னா என்ன? வேகமா இருக்கிற ஆளுங்களைப் பக்கத்துல நின்னு பார்த்தீங்கன்னா அவங்க கை அப்படி ஒண்ணும் பறக்காது. நடை குறைவா இருக்கும். படுக்கை போடுறப்போ ஒரு பக்கத்து விரிப்பு, போர்வை, மூலை மடிப்பு எல்லாத்தையும் அங்கேயே நின்னு முடிச்சிட்டு, அப்புறம்தான் மறுபக்கம் போவாங்க. நிதானமான ஆளு விரிப்புக்கு ஒரு சுத்து, போர்வைக்கு ஒரு சுத்து, தலையணைக்கு ஒரு சுத்துன்னு கட்டிலையே வலம் வந்துட்டிருப்பாங்க. ஃபிராங்க் கில்பிரெத்னு ஒருத்தர், செங்கல் அடுக்குற வேலையில இருந்து வந்தவர், ஒரு கல்லை வைக்க 18 அசைவு ஆகுதுன்னு எண்ணிப் பார்த்து, அதை அஞ்சு வரைக்கும் குறைச்சார். கல்லை இடுப்பு உயரத்துல வச்சதால குனிஞ்சு நிமிர்ற வேலையே போயிடுச்சு. அவரோட மனைவி லில்லியன், 1924ல அவர் இறந்தப்புறம் இதே பார்வையை சமையலறைக்குக் கொண்டுவந்தாங்க. காலால மிதிச்சுத் திறக்கிற குப்பைத்தொட்டி அவங்க யோசனைன்னு சொல்லுவாங்க. எனக்கு அவங்க மேல தனி மரியாதை, ஏன்னா வீட்டு வேலையை மூளை வேண்டிய வேலைன்னு மதிச்சவங்க.

துணி மடிக்கிறதுல உங்க அக்கா ஏன் ஜெயிக்கிறாங்கன்னா, அங்கே ஊற வேண்டியது ஒண்ணும் இல்லை, கெட்டுப்போறதுக்கும் ஒண்ணும் இல்லை. தப்பா மடிச்சா உதறித் திரும்ப மடிக்கலாம். அந்த மாதிரி வேலையில வேகமா போங்க, பயமே வேணாம்.

இஸ்திரியில நீங்க ஜெயிக்கிறதுக்குக் காரணம் வேற. பருத்தி நூலுக்குள்ள இருக்கிற பிணைப்பு தண்ணி பட்டா தளரும், சூட்டுல காயறப்போ எப்படிப் பிடிச்சிருக்கோமோ அப்படியே இறுகும். அதனால பெட்டி அந்த இடத்தைக் காய வைக்கிற அளவுக்காவது நிக்கணும். சர்ருனு இழுத்தா சுருக்கம் தணிஞ்ச மாதிரி தெரிஞ்சு மறுபடி எழும்பிடும். ஆனா இதுலயும் நேரத்தை மிச்சம் பிடிக்கலாம்: துணியில தண்ணி தெளிச்சு, சுருட்டி, கொஞ்ச நேரம் வச்சிருங்க. ஈரம் எல்லா இடத்துக்கும் ஒரே சீராப் பரவும், பெட்டியை ஒரு தடவை ஓட்டினாப் போதும். போட்டு முடிச்சதும் மடிக்காதீங்க, ஆறட்டும். சூடும் ஈரமும் இருக்கிறவரை புதுச் சுருக்கம் ஈஸியா விழும்.

பாத்திரத்துல உங்களுக்கு ஏன் நேரம் அதிகம்னு நேர்ல பார்க்காம சொல்ல முடியாது. எனக்குத் தோணுறது, காய்ஞ்சுபோனதையும் காயாததையும் வரிசை இல்லாம எடுக்கிறீங்க. ஒட்டிப்போன பாத்திரத்துல எல்லாம் முதல்ல தண்ணி ஊத்தி ஓரமா வைங்க. கண்ணாடி டம்ளர், அப்புறம் தட்டு, எண்ணெய்ப் பிசுக்கு கடைசி. நீங்க அங்கே வந்து சேர்றதுக்குள்ள அது ஊறியிருக்கும். கத்தியை மட்டும் நுரைத் தண்ணிக்குள்ள போட்டு வைக்காதீங்க, தனியா, பார்த்து, மெதுவா கழுவுங்க.

கறைக்கு ஒரு விஷயம் சொல்லணும். ரத்தம், பால், முட்டை மாதிரி புரதக் கறை பட்டா ஓடிப்போய் குளிர்ந்த தண்ணியில அலசுங்க, சுடுதண்ணி பட்டா அது நூல்லயே கெட்டியாயிடும். ஆரம்பிக்கிறதுல அவசரம் வேணும். கறையைக் கசக்கித் தேய்க்கிறதுல அவசரம் கூடாது. எண்ணெய்க் கறையில பாத்திரம் கழுவுற சோப்பை நேரா போட்டு, கொஞ்சம் ஊறவிட்டுத் துவைங்க.

பம்பரம், நீங்க எழுதினதுல எனக்குப் பெரும்பாலும் சம்மதம். அடுப்பு எண்ணெய் பத்திச் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. ஆனா மேடையில கிருமி மருந்து போடுற அன்னைக்கு, அலாரம் அடிச்சிடுச்சேன்னு துடைச்சிடாதீங்கம்மா.


ரசமட்டம் எழுதியது:

வீடுகளில் பெயின்ட், டைல்ஸ், தச்சு, சின்னச் சின்னப் பழுது எல்லாம் பார்க்கிறவன் நான். சாவிக்கொத்து அக்கா சொன்னதற்கு மேல் சுத்தம் செய்வதைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை. ஜன்னலோரம் கேட்ட மூன்று வேலைக்கு மட்டும் சொல்கிறேன். மூன்றிலும் ஒரே வேலைக்குள் நிதானமும் வேகமும் கலந்து வரும். வேலையையே முழுதாக ஒருவர் கையில் கொடுப்பதைவிட, எந்தக் கட்டம் யாருக்கு என்று பிரிப்பது நல்லது.

பெயின்ட்: அடிக்கும் நேரத்தைவிடச் சுவரைத் தயார் செய்யும் நேரம் அதிகமாக இருக்க வேண்டும். உதிர்வதைச் சுரண்டி, பட்டி பூசி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டு, தூசியைத் துடைத்து, ஓரங்களில் டேப் ஒட்டுவது வரை நிதானம். இது உங்கள் பங்கு, ஜன்னலோரம். மூலையிலும் கதவுச் சட்டத்தின் ஓரத்திலும் பிரஷ் போடுவதும் உங்களுடையதே. குறி சிறிதாகச் சிறிதாக, பிசகாமல் அடிக்கக் கைக்கு நேரம் தேவை. 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைக் கணக்குச் சூத்திரமாகவே எழுதினார். குறி பெரிதாக இருக்கிற இடத்தில் கை வேகமாகப் போனாலும் பிசகாது.

சுவரின் நடுப்பகுதி அப்படிப்பட்ட இடம். அங்கே ரோலரை அக்கா கையில் கொடுங்கள். தண்ணீரில் கரையும் எமல்ஷன் சீக்கிரம் காயத் தொடங்கும். முன்பு உருட்டிய பட்டையின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டை அதன்மேல் ஏற வேண்டும். ஓரம் காய்ந்தபின் ஏறினால் அந்த இடத்தில் கோடு தெரியும், அதை மறைக்க மறுபடி ஒரு பூச்சு தேவைப்படும். ஆகவே ஒரு சுவரை ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தாமல் மூலைவரை போய்விட வேண்டும். காய்கிற இடத்தைத் திரும்பத் திரும்ப ரோலரால் தொடவும் கூடாது, பெயின்ட் உரிந்து வரும். நீங்கள் ஓரம் அடித்த ஈரம் காய்வதற்குள் அவர் உருட்டி வந்து சேர்ந்தால் இன்னும் நல்லது. அடுத்த பூச்சுக்கு டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் வரை, பெரும்பாலும் நாலு மணி நேரம் போல, சுவரைத் தொடாதீர்கள். கடைசிப் பூச்சு முழுதாக இறுகும் முன்பே டேப்பை உரித்துவிடுங்கள். காய்ந்து இறுகினபின் உரித்தால் பெயின்டும் சேர்ந்து பிய்யும்.

டைல்ஸில் துளை: இதில் வேகம் எந்தக் கட்டத்திலும் உதவாது. டைல் விரிசல் விட்டால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். துளை போட வேண்டிய இடத்துக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று முதலில் பாருங்கள். குழாய்க்கும் சுவிட்சுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை வேண்டாம். அளவை இரண்டு முறை சரிபாருங்கள், ரசமட்டம் வைத்துக் கோடு போடுங்கள். குறித்த இடத்தில் டேப் ஒட்டி அதன்மேல் துளைத்தால் பிட் (டிரில்லின் துளைக்கும் முனை) வழுக்காது. டிரில்லில் ஹேமரை (இடித்துத் துளைக்கும் முறையை) அணைத்துவிட்டுக் குறைந்த சுற்றில் ஆரம்பியுங்கள். டைலைத் தாண்டிச் சுவருக்குள் போனபிறகுதான் ஹேமர். கடினமான விட்ரிஃபைட் வகை என்றால் வைர முனை பிட் வாங்கி, அடிக்கடி தண்ணீர் தொட்டுக் குளிரவைத்துத் துளையுங்கள். ஏணியோ ஸ்டூலோ ஏற வேண்டியிருந்தால் எட்டி எட்டித் துளைக்காமல் இறங்கி நகர்த்தி வைத்து ஏறுங்கள்.

சிலிகான்: பழையதைக் கத்தியால் அறுத்து, துணுக்குகூட மிச்சமில்லாமல் சுரண்டுவது நிதானம். புது சிலிகான் பழைய சிலிகான்மேல் பிடிக்காது. இடம் முற்றிலும் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுப் பீய்ச்சத் தொடங்கினால் அதற்குப் பிறகு யோசிக்க நேரம் கிடையாது. பத்து நிமிடத்துக்குள் மேலே தோல் கட்ட ஆரம்பித்துவிடும். அதற்குள் பீய்ச்சி, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரே இழுப்பாக வழித்து, டேப்பை உரித்துவிட வேண்டும். தோல் கட்டினபின் தொட்டால் அசிங்கமாகும். பிறகு மறுபடியும் பொறுமை. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத்தான் அது இறுகும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். மேலே காய்ந்த மாதிரி இருக்கிறதே என்று அன்றைக்கே தண்ணீர் விடாதீர்கள்.


ஜன்னலோரம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். குழாயில் துணி கட்டியாகிவிட்டது. முதல் தடவை அவிழ்த்தபோதே பாதிக்கு மேல் கரைந்திருந்தது, இரண்டாவது முறை கட்டியிருக்கிறோம்.

சாவிக்கொத்து அக்கா, உங்களிடம் ஒரு கேள்வி. இத்தனை நாள் நாங்கள் அறையைப் பங்கு போட்டோம், உனக்குக் குளியலறை, எனக்குச் சமையலறை என்று. ரசமட்டம் அண்ணா சொன்னதுபோலக் கட்டம் கட்டமாகப் பிரித்தால் வழக்கமான விடுமுறை நாள் சுத்தத்தை எப்படிப் பிரிப்பது? இன்னொன்று, சிலிகான் வேலையை அந்த நாளில் எங்கே பொருத்துவது?


சாவிக்கொத்து எழுதியது:

நல்லதும்மா. அறைவாரியா பிரிக்கிறதை விடுங்க, அக்கா முன்னாடி போகட்டும், நீங்க பின்னாடி வாங்க.

முதல் சுத்து அக்காவுது. ஜன்னலைத் திறக்கிறது, மின்விசிறியை நிறுத்திட்டு இறக்கையைத் துடைக்கிறது (பழைய தலையணை உறையை இறக்கை மேல மாட்டி இழுத்தா தூசி உறைக்குள்ளேயே விழுந்திடும்), ஒட்டடை, அலமாரி மேல் தட்டு, விரிப்பை உருவி மெஷின்ல போடுறது, குளியலறைத் திரவம் ஊத்துறது, ஒட்டின பாத்திரத்துல தண்ணி ஊத்துறது, இஸ்திரித் துணியை நனைச்சுச் சுருட்டுறது. இதெல்லாம் தொடங்கி வைக்கிற வேலை. வேகமான ஆளு கையில இருந்தா நாள் முழுக்க ஒழுங்கா நகரும், ஏன்னா ஊற வேண்டியது எல்லாம் ஒரே நேரத்துல ஊற ஆரம்பிச்சிடும். ஒவ்வொரு அறைக்கும் வேண்டிய துணி, பாட்டில், கையுறை எல்லாத்தையும் ஒரே வாளியில போட்டு அவங்க கூடவே எடுத்துட்டுப் போகட்டும். ஒவ்வொண்ணுக்கும் திரும்பி நடக்கக் கூடாது.

ரெண்டாவது சுத்து உங்களுது. அக்கா ஊத்தினதைத் தேய்ச்சுக் கழுவுறது, கண்ணாடி, மேடை, சுவிட்சு போர்டு, கைப்பிடி. மைக்ரோஃபைபர் துணியை ரெண்டு தடவை மடிச்சா எட்டு முகம் கிடைக்கும், ஒரு முகம் அழுக்கானா அடுத்ததுக்குத் திருப்பிக்கலாம், அடிக்கடி அலசப் போக வேண்டாம். மேலேயிருந்து கீழே, உள்ளேயிருந்து வாசல் பக்கமா வாங்க. டாய்லெட் துணி வேற நிறம், அது வேற எதையும் தொடக்கூடாது. தரை எல்லாத்துக்கும் கடைசி, மேலே தட்டின தூசி கீழே இறங்கி உட்கார்றதுக்கு நேரம் குடுக்கணும். பெருக்கித் துடைக்கிறதை அக்காகிட்ட திரும்பக் குடுத்திடலாம், அதுக்குள்ள மெஷின் நின்னிருக்கும், நீங்க துணியை உடனே எடுத்து உதறிக் காயப்போடுங்க. உள்ளேயே விட்டா சுருக்கமும் விழும், வாடையும் வரும்.

சிலிகானை சுத்தம் பண்ற நாளோட சேர்க்காதீங்க, அன்னைக்கு சிங்க் ஓயாது. பழையதைச் சுரண்டி எடுக்கிறதை முந்தின ராத்திரி முடிச்சு, அந்த இடத்தைத் துடைச்சுக் காயவிடுங்க. மறுநாள் சாயங்காலம் பாத்திரம் எல்லாம் கழுவி முடிச்சு, ஓரத்தைத் திரும்ப ஒரு தடவை காய்ஞ்ச துணியால துடைச்சிட்டுப் பீய்ச்சுங்க. அதுக்கு அடுத்த சாயங்காலம் வரைக்கும் பாத்திரத்தை வேற குழாய்ல கழுவிக்கணும், சிங்க் குழாய் மேல ஒரு துண்டைக் கட்டி வச்சிடுங்க, இல்லைன்னா பழக்கத்துல கை தானா திறந்திடும்.